சத்திரம் திறந்த நாள்

வேட்டியின் ஒரு முனையை இடுப்புக்கு அடியில் கொடுத்து மறுபக்கம் இழுப்பதற்காக அப்பாவைப் புரட்டியபோதுதான் கன்னியம்மாவுக்குத் தெரிந்தது. எப்போதும் இப்படிப் புரட்டும்போது முனகுவார். "மெதுவா, மெதுவா" என்று அவள் தோளைப் பிடித்துக்கொள்வார். இன்றைக்கு அவருடைய பாரம் முழுவதும் அவள் முழங்கையில் வந்து இறங்கியது. அப்படியே சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கிடத்தி, மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். உள்ளங்காலைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

"நைனா," என்றாள். இரண்டாவது முறை கூப்பிடவில்லை.

தகர ஷெட்டுக்கு வெளியே மைக் செட்காரன் கம்பத்தில் குழாயைக் கட்டிவிட்டு "ஹலோ, ஹலோ" என்று ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் சரியாக விடியவில்லை. அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்துவிட்டாள். அந்த நேரத்தில் தகரத்தின் இடைவெளி வழியாகச் சத்திரத்து வாசல் தெரிந்தது. வாழை மரம் கட்டியிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் அரையிருட்டில் வெளுப்பாக நின்றது. மாடியில் வரிசையாக எட்டுக் கதவுகள், எல்லாவற்றுக்கும் புதுப் பச்சை வர்ணம்.

கன்னியம்மா வாயை மூடிக்கொண்டாள். வேட்டியை இழுத்துக் கட்டி முடித்தாள். கண்களை மூடிவிட்டு, தாடையைக் கையால் அழுத்திப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவரைச் சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்து வரை போர்வையை இழுத்துவிட்டாள்.

வேதவல்லி அம்மாள் சத்திரம் தாம்பரம் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. மாட்டுவண்டியில் தெற்கே போகிறவர்கள் இறங்கி, சமைத்துச் சாப்பிட்டு, ஒரு ராத்திரி படுத்துவிட்டுப் போவதற்காக நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. பிறகு ரேஷன் குடோனாக இருந்து, அப்புறம் அதுவும் இல்லாமல் வௌவாலுக்கு விட்டுவிட்டார்கள். எண்பத்தைந்தாம் வருஷத்து வெள்ளத்தில் முடிச்சூர் ஏரிக்கரையில் இருந்த குடிசைகள் போனபோது, போக்கிடம் இல்லாத சில குடும்பங்கள் இந்தச் சத்திரத்துத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தன. தாம்பரம் மார்க்கெட்டில் கைவண்டி இழுத்துக்கொண்டிருந்த சேட்டும், புருஷன் விட்டுவிட்டுப் போன அவர் மகள் கன்னியம்மாவும் அப்படி வந்தவர்கள்தான். வாசலிலிருந்து மூன்றாவது தூண் அவர்களுடைய இடமாயிற்று.

ஒரு மழைக்காலத்தில், ஸ்டேஷன் பக்கமிருந்து வந்த எவனோ, அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது புடவையைப் பிடித்து இழுத்தான். அப்பா கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். அன்றிலிருந்து அவர் ராத்திரியில் படுப்பதில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே பீடி பிடித்துக்கொண்டிருப்பார். பகலில் வண்டிமேல் தூங்குவார். இருமல் அப்போது பிடித்ததுதான்.

சத்திரம் ஜெயவேலுவின் குடும்பச் சொத்து. இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுவதாக இருந்த அவருடைய மனசை மாற்றியவர் ராஜகோபாலன். ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தபோது தினமும் பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்களைத் தாண்டித் தாண்டி ஆபீஸ் போனதாகவும், அந்தக் கால் இன்னும் உறுத்துவதாகவும் ஒரு கூட்டத்தில் சொன்னாராம். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து பணம் திரட்டி, சத்திரத்தின் தேக்கு உத்தரத்தையும் தூண்களையும் அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைச் சீர்செய்தார்கள். கீழே இரண்டு பெரிய கூடங்கள், வீடு வாசல் இல்லாத ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. மாடியில் எட்டு அறைகள். குடும்பத்தோடு இருக்கிறவர்கள் காலூன்றிக்கொள்கிற வரை, இரண்டு வருஷம் போல அங்கே இருக்கலாம்.

வேலை நடந்த நாளெல்லாம் தாழ்வாரத்துக்காரர்களைப் பின்பக்கம் தகர ஷெட்டில் வைத்திருந்தார்கள். கன்னியம்மா அந்த வேலையிலேயே சித்தாளாகச் சேர்ந்தாள். சுண்ணாம்பு தூக்கி உள்ளங்கை வெந்து உரிந்தது. மாடி அறைகளுக்கு அவள் தூக்காத மணல் இல்லை.

"தனியா இருக்கறவங்களுக்கு ரூம் கிடையாதும்மா," என்று ராஜகோபாலன் ஆரம்பத்திலேயே எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். "ரெண்டு பேராவது இருந்தாத்தான். இருக்கறது எட்டே ரூம். இதுல நான் யாருக்கும் வளைஞ்சு குடுக்க முடியாது."

சேட்டும் கன்னியம்மாவும் இரண்டு பேர். எட்டாவது குடும்பம் அவர்கள்தான். அடுத்தது செல்லம்மா. ஒரு வருஷம் பிந்தி வந்தவள், இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவள். யாராவது ஒருவர் விலகினால் அவளுக்கு.

அப்பாவுக்கு அறைமேல் ஆசை இருந்ததில்லை. "கதவ சாத்திகினு படுத்தா எனுக்கு மூச்சு முட்டும்," என்பார். நேற்று சாயந்தரம்தான் கேட்டார்.

"ஜன்னல் கீதா அந்த ரூமுல?"

"ரெண்டு கீது நைனா."

"காத்து வருமா?"

"ஏரிக் காத்து அப்பிடியே வரும்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் பேசியதாக அவளுக்கு நினைவில்லை.

வெயில் ஏறியதும் தபீதாள் கஞ்சியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இனிமேல் சத்திரத்திலேயே தங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளப்போகிறவள் அவள்தான். விழாவுக்காக வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள்.

"சேட்டு எழுந்தாச்சா?"

"தூங்கறாரு சிஸ்டர். ராத்திரி பூரா இருமல்."

தபீதாள் குனிந்து, பழக்கத்தில், போர்வைக்குள்ளிருந்து அவர் கையை எடுத்து மணிக்கட்டில் விரல் வைத்தாள். விரல்கள் அங்கேயே நின்றன. நிமிர்ந்து கன்னியம்மாவைப் பார்த்தாள். கன்னியம்மா கஞ்சித் தூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் செல்லம்மா பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சின்னவள் சிணுங்குவது கேட்டது.

தபீதாள் அந்தக் கையைத் திரும்பப் போர்வைக்குள் வைத்தாள். மடங்காமல் விறைத்த விரல்களைத் துணியால் மூடினாள்.

"தூங்கட்டும்," என்றாள். "கஞ்சி ஆறிப்போயிடும். நீ குடி."

வெளியே போனவள், நாற்காலி போடுகிறவர்களைத் தேவையே இல்லாமல் உரக்கத் திட்டியது உள்ளே கேட்டது. கன்னியம்மா கஞ்சியைக் குடித்தாள். பசித்தது. பசித்ததை நினைத்தபோது தூக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

சத்திரத்துக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். தாசில்தார் வந்தார். ஜெயவேலு பட்டுச் சட்டையில் வந்து, தன் கொள்ளுப்பாட்டி வேதவல்லி அம்மாளின் தர்ம சிந்தையைப் பற்றி நெடுநேரம் பேசினார். ராஜகோபாலன் சுருக்கமாக முடித்துக்கொண்டார். வழியில் போகிறவர்களுக்காகக் கட்டிய இடம், நடுவில் கொஞ்ச காலம் அதை மறந்திருந்தது, இப்போது ஞாபகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். கைதட்டினார்கள்.

கன்னியம்மா பெண்கள் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கண் பின்பக்கத்து ஷெட்டை நோக்கியே போயிற்று. நாய் ஒன்று அந்தப் பக்கம் போனது. எழுந்து போய் விரட்டிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"மாடி, எட்டாம் அறை," என்று மைக்கில் படித்தார்கள். "திரு. சேட்டு குடும்பத்தார்."

அவருடைய பேருக்கு முன்னால் திரு என்று ஒருவரும் சேர்த்து அவள் கேட்டதில்லை. மேடையேறினாள். தாசில்தார் சிவப்பு ரிப்பன் கட்டிய சாவியைக் கையில் வைத்தார். பக்கத்தில் நின்ற ராஜகோபாலன் அவள் பக்கம் குனிந்தார்.

"அப்பாவால நடக்க முடியலையா?"

"முடியல சார்."

"பரவாயில்லை. சாயந்தரம் நாலு பேரை வெச்சுத் தூக்கிண்டு போயிடலாம். நானும் வரேன்."

அவள் தலையை ஆட்டினாள். இறங்கும்போது படி தெரியாமல் கால் இடறியது. கீழே நின்ற தபீதாள் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, உடனே விட்டுவிட்டாள்.

டீயும் மிக்சரும் கொடுத்து, தாசில்தாரின் ஜீப் புறப்பட்டுப் போன பிறகு கன்னியம்மா ஷெட்டுக்குள் போனாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனி அழலாம். வாயைத் திறந்தாள். காலையில் தொண்டை வரை வந்து நின்ற அந்தக் குரல் இப்போது வரவில்லை. வேறு ஏதோ ஒரு குரல் வந்தது. யாரோ அழுவதுபோல் அவள் காதுக்கே கேட்டது. ஆனாலும் அழுதாள்.

முதலில் செல்லம்மா ஓடிவந்தாள். பிறகு எல்லோரும். ராஜகோபாலன் செருப்பில்லாமல் வந்து நின்றார். பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"அடடா," என்றார். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த ரூம்ல படுத்திருக்கலாமே."

அவரே எல்லா ஏற்பாட்டையும் செய்தார். ஷெட்டில் வேண்டாம், முன்னால் கொண்டுவாருங்கள் என்றார். ஷாமியானாவைப் பிரிக்க வந்தவனிடம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். மேடைக்குப் போட்ட பெஞ்சைக் கொண்டுவந்து அதில் அப்பாவைக் கிடத்தினார்கள். தாசில்தாருக்குப் போட்ட ரோஜா மாலை ஒரு நாற்காலியில் கிடந்தது. யாரோ அதை எடுத்து அவர் நெஞ்சின்மேல் வைத்தார்கள். படப்பையில் அரிசி மில்லில் வேலை செய்கிற அவள் தம்பி சிட்டிபாபுவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

சிட்டிபாபு பஸ் பிடித்து வந்துசேர மத்தியானம் தாண்டிவிட்டது. பெண்டாட்டியைக் கூட்டிவரவில்லை. அப்பாவின் உடம்பைக் கொஞ்ச நேரம் தூரத்திலேயே நின்று பார்த்தான். அப்பாவை இரண்டு மாசம்கூட வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் அது தெரியும் என்பது நின்ற நிலையில் இருந்தது.

குளிப்பாட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றினார்கள். கை மடங்கவில்லை. கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சிட்டிபாபு சொம்பைக் கீழே வைத்தான்.

"எப்போ போச்சு உசுரு?"

"சாவி குடுத்தப்புறம்தாம்பா," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "பன்னெண்டு மணி இருக்கும்."

"கட்ட மாரி வெறச்சுகினு கீறாரு. எத்தினி சாவுல நான் தண்ணி ஊத்திகீறேன். பன்னெண்டு மணிக்குப் போன உடம்பா இது?" அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "எனுக்கு ஏன் காலையிலேயே சொல்லி அனுப்பல? இன்னாத்துக்கு மறச்ச?"

கற்பூரப் பொட்டலத்தோடு நின்ற ராஜகோபாலன் கன்னியம்மாவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஷாமியானாவின் துணி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"விடியறதுக்கு முன்னாடி," என்றாள் கன்னியம்மா.



"எனக்கும் தெரியும் சார்," என்றாள் தபீதாள், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து. "கஞ்சி கொண்டுவந்தப்பவே தெரியும். நான்தான் தூங்கட்டும்னு சொன்னேன்."

ராஜகோபாலன் கற்பூரப் பொட்டலத்தை நாற்காலியில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மேடைக்குப் பக்கத்தில் செல்லம்மாவின் பிள்ளைகள் காகிதத் தட்டில் மிச்சமிருந்த மிக்சரைத் தின்றுகொண்டிருந்தன.

"குளிப்பாட்டுங்கோ," என்றார் கடைசியில். "மழை வரும்போல இருக்கு."

அவர் கோபித்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம் என்று கன்னியம்மாவுக்குத் தோன்றியது. பதில்கள் இருந்தன. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே கழித்த அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். தன் உள்ளங்கையை விரித்துக் காட்டியிருக்கலாம். ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாடை புறப்பட்டபோது பின்னாலேயே நடந்துபோனார். தெருமுனையில் தோள் மாற்றியபோது ஒரு பக்கம் அவரும் தோள் கொடுத்ததாகப் பிறகு சொன்னார்கள்.

ஆண்கள் போன பிறகு பெண்கள் வாசலைக் கழுவிவிட்டார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு கன்னியம்மா தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தாள். தபீதாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார் இன்னா சொன்னாரு சிஸ்டர்?"

"ஒண்ணும் சொல்லல."

"ரூம திருப்பிக் குடுக்க சொல்லுவாரா?"

"கேக்க மாட்டார். அந்த மனுஷனால இனிமே உன்கிட்ட கேக்க முடியாது."

"அப்ப வெச்சிக்கலாமா?"

தபீதாள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில நான் உனக்காகப் பொய் சொன்னேன். இதுக்கும் என்னையே பதில் சொல்லச் சொல்லாத கன்னியம்மா," என்று சொல்லிவிட்டு, கூடத்தில் பாய்களைப் போடுவதற்காக உள்ளே போய்விட்டாள்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். சிட்டிபாபு மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தான். "கடைசி பஸ்ஸு பூடும்," என்றான். கொஞ்சம் நின்றான். "நா கத்தியிருக்கக் கூடாது," என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் சரி என்றாள். போய்விட்டான். ராஜகோபாலன் நனைந்துகொண்டே வந்து, கால் கழுவி, அவளைத் தாண்டி நேரே கேட்டுப் பக்கம் நடந்தார். கேட்டருகே ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஷெட்டில் செல்லம்மா அப்பா படுத்திருந்த இடத்தைக் கழுவி, ஒரு மூலையில் விளக்கேற்றி வைத்திருந்தாள். அவளுடைய தடுப்பில் தகரம் ஒழுகியது. பிள்ளைகள் இரண்டும் ஒழுகாத பக்கமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பெரியவளுக்குப் பதிமூன்று வயசு இருக்கும்.

"நீ மேல போலியா?" என்றாள் செல்லம்மா.

கன்னியம்மா விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலையிலேயே உனுக்குத் தெரியுமா செல்லம்மா?"

செல்லம்மா பிள்ளையின் ஈரப் பாவாடையைப் பிழிந்து கயிற்றில் போட்டாள். "பல்லு வெளக்க வந்தப்ப பாத்தேன். மூஞ்சில ஈ கீது. ஓட்டாம கீறாரு."

"அப்ப ஏன் யாராண்டயும் சொல்லல? சொல்லியிருந்தா சாவி உன் கைக்கு வந்திருக்கும்."

"நீயே சொல்லல," என்றாள் செல்லம்மா. "பெத்தவன் பக்கத்துல, நீ வாய மூடிகினு குந்தினு கீற. அத்தப் பாத்துட்டு நான் போயி இன்னான்னு சொல்றது?"

தகரத்தின்மேல் மழை பலத்தது. பெரியவள் வாளியை ஒழுகும் இடத்துக்கு நகர்த்தி வைத்தாள். கன்னியம்மா வாளியையும் பிள்ளைகளையும் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். ரிப்பன் நனைந்து அதன் சிவப்பு அவள் புடவையில் ஏறியிருந்தது. சாவியைப் பெரியவள் கையில் கொடுத்தாள்.

"தங்கச்சிய இட்டுகினு மேல போ. கடைசிக் கதவு. புதுப் பூட்டு, அமுக்கித் திருப்பணும்."

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தது. செல்லம்மா தலையை அசைத்தாள். பிள்ளைகள் எழுந்து மழையில் ஓடின.

"நீயும் வந்து எங்ககூடவே படு," என்றாள் செல்லம்மா. "நாலு பேருன்னா நாலு பேரு. யாரு இன்னா கேக்கப்போறாங்க."

"நான் கீழயே படுத்துக்கறேன். தனியா கீறவங்களுக்கு அங்கதான்னு சார் மொதல்லியே சொன்னாரு."

"சாவு நடந்த ராத்திரிலயா?"

"எங்கியாச்சும் படுக்கணும் இல்ல?"

அவள் எழுந்து சத்திரத்துக்கு நடந்தாள். தாழ்வாரத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். மழைக்கு ஒதுங்க இடம் தேடி, ஸ்டேஷன் பக்கமிருந்து முதல் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். தபீதாள் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் பின்னால், கக்கத்தில் மூட்டையோடு ஒரு கிழவர் படியிலேயே நின்றுவிட்டார். கழுவிவிட்ட வாசலில் ஒட்டிக்கிடந்த ரோஜா இதழ்களைப் பார்த்தார்.

"இன்னாம்மா, சாவு வூடா?"

"ஆமா," என்றாள் கன்னியம்மா. "எடுத்தாச்சு. நீங்க உள்ள போங்க."

அவர் பளபளக்கும் சிவப்புத் தரையையும் தன் கால்களையும் பார்த்தார். கூரையிலிருந்து கொட்டிய தண்ணீரில் ஒவ்வொரு காலாக நீட்டிக் கழுவிக்கொண்டார். தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி, கூடத்துக்குள் நடந்துபோனார். தரையில் அவருடைய ஈரக் கால்தடங்கள் வரிசையாக விழுந்தன. கன்னியம்மா சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு அருகில் இருந்த தடம்தான் முதலில் காயத் தொடங்கியது.